காதின் குறையா? வகுப்பின் குறையா?

(பட்டிமன்றத் தலைப்பு: காது கேளாத பிள்ளைகளின் படிப்புக்குப் பெரிய தடை காதின் குறையே! வகுப்பின் குறையே! 'வகுப்பின் குறையே' என்ற அணியில் இரண்டாவதாகப் பேசியது.)



நான் 31 வருஷம் கணக்கு வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவன். கணக்கு வாத்தியார் என்று சொன்னதுமே முன்வரிசையில் பாதிப் பேருக்கு முகம் மாறிவிட்டது. பயப்படாதீங்க. இன்னிக்கு யாரையும் போர்டுக்குக் கூப்பிட மாட்டேன். (சிரிப்பு) இன்றைக்குப் போர்டு முன்னால் நிற்கப் போகிற குற்றவாளி நான்தான்.

எனக்கு முன்னால் பேசிய எதிரணி நண்பர் ஒரு பழமொழி சொன்னார். 'செவிடன் காதில் ஊதிய சங்கு' என்றார். அரங்கமே கைதட்டியது. நானும் தட்டினேன், பழக்க தோஷம். (சிரிப்பு) தட்டி முடிச்ச பிறகுதான் யோசிச்சேன். அந்தப் பழமொழியில் இரண்டு பேர் இருக்காங்க ஐயா. ஒருத்தர் காது கேட்காதவர். இன்னொருத்தர் சங்கு ஊதுகிறவர். காது கேட்காதவருக்குத் தன் காது கேட்காது என்று தெரியும். ஊதுகிறவருக்கும் அது தெரியும்! தெரிஞ்சும் மூச்சைப் பிடிச்சுக்கிட்டு ஊதிக்கிட்டே இருக்காரே, குறை யாரிடம் இருக்கிறது? காதிலா, ஊதுகிற ஆளிடமா? (பலத்த கைதட்டல்)

அந்தச் சங்கை ஊதினவன் நான். அதைச் சொல்லத்தான் இந்த மேடைக்கு வந்தேன்.

1996-ஆம் வருஷம். ஓர் அரசு உயர்நிலைப் பள்ளியில் ஒன்பதாம் வகுப்பு எடுத்துக்கொண்டிருந்தேன். வகுப்பில் 60 பேர். அதில் ஒரு பெண்ணுக்குக் காது கேட்காது. அவள் பெயரைச் சொல்ல மாட்டேன். மாற்றுத்திறன் உள்ள பிள்ளைகளையும் பொதுப் பள்ளியில் சேர்த்துப் படிக்க வைக்க வேண்டும் என்று மத்திய அரசு 1974-லேயே ஒருங்கிணைந்த கல்வித் திட்டம் கொண்டுவந்துவிட்டது. ஆகவே அவள் சேர்க்கப்பட்டாள். முதல் பெஞ்சில் உட்காரவைத்தோம். எங்கள் கடமை முடிந்தது என்று நினைத்தோம்.

தீப்பெட்டி மாதிரி ஒரு கருவியைச் சட்டையில் மாட்டி, ஒயரைக் காதில் செருகியிருப்பாள். நான் பாடம் நடத்தி முடித்து, "புரிஞ்சுதா?" என்று கேட்பேன். 60 தலையும் ஆடும். அவள் தலையும் ஆடும். நான் ஜோக் சொன்னால் 59 பேர் சிரிப்பார்கள். ஒரு நொடி கழித்து அவளும் சிரிப்பாள். 'பரவாயில்லை, பிள்ளை சமாளிச்சுக்குது' என்று நான் பெருமைப்பட்டேன். அந்த ஒரு நொடித் தாமதத்தை மட்டும் நான் கணக்கில் எடுத்துக்கொள்ளவில்லை. கணக்கு வாத்தியார், கணக்கைத் தப்பாப் போட்டேன்.

அந்த வருஷம் நவம்பர் மாதம், நல்ல மழை. ஒரு நாள் கடைசிப் பீரியடில், நாளைக்குப் பள்ளிக்கூடம் லீவு என்று தகவல் வந்தது. நான் போர்டு பக்கம் திரும்பி அழித்துக்கொண்டே, "நாளைக்கு லீவு, யாரும் வர வேண்டாம்" என்றேன். வகுப்பே 'ஹோ' என்று கத்தியது. அவளும் சிரித்தாள். எதற்குச் சிரிக்கிறோம் என்று தெரியாமலே சிரித்தாள்.

மறுநாள் அவள் வந்தாள் ஐயா. எட்டு கிலோமீட்டர் தள்ளி ஒரு கிராமம். காலையில் ஒரு பஸ், சாயங்காலம் ஒரு பஸ். மழையில் நனைந்துகொண்டு வந்து, பூட்டின வகுப்பைப் பார்த்துவிட்டு, சாயங்கால பஸ் வருகிற வரைக்கும் அந்த வராந்தாவில் தனியாக உட்கார்ந்திருக்கிறாள். காவல்காரர்தான் அவர் கொண்டுவந்த சோற்றில் பாதியைக் கொடுத்திருக்கிறார். இதை அவர் சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

அதற்கடுத்த நாள் வகுப்புக்குள் போகிறேன். அந்தப் பிள்ளை எழுந்து வந்தது. அழவில்லை, கோபப்படவில்லை. சாக்பீஸை எடுத்துப் போர்டில் இரண்டே வார்த்தை எழுதினாள். 'நேற்று லீவு?' பக்கத்தில் ஒரு கேள்விக்குறி.

நான் அந்தச் சாக்பீஸை வாங்கி எழுதினேன். 'ஆமாம். எல்லோருக்கும் சொன்னேன். உனக்குச் சொல்லவில்லை.'

(அரங்கில் அமைதி)

நடுவர் அவர்களே, அவளை அன்றைக்கு மழையில் உட்கார வைத்தது எது? காதா? அந்தக் காது அவள் பிறந்ததிலிருந்தே அப்படித்தான் இருக்கிறது. போர்டில் நாலு எழுத்து எழுதியிருந்தால் அவள் வீட்டில் இருந்திருப்பாள். ஒரு துண்டு சாக்பீஸுக்கு ஆன செலவை மிச்சம் பிடித்தேன் நான்! (கைதட்டல்)

எதிரணியில் பேசிய அம்மையார் ரொம்ப நம்பிக்கையோடு சொன்னார்கள், "உதட்டைப் பார்த்தே புரிந்துகொள்வார்கள்" என்று. அம்மா, ஒரு சோதனை. வீட்டுக்குப் போனதும் கண்ணாடி முன்னால் நின்று, சத்தம் வராமல் 'பாலை' என்று சொல்லுங்க. அப்புறம் 'மாலை' என்று சொல்லுங்க. இரண்டுக்கும் உதடு ஒரே மாதிரிதான் மூடித் திறக்கும். 'படி', 'மடி' இரண்டும் ஒன்றுதான். 'பணம்', 'மணம்' இரண்டும் ஒன்றுதான். கல்யாண வீட்டில் எப்போதுமே இரண்டும் ஒன்றுதான் என்று நடுவர் சொல்லுவார், அது வேற விஷயம். (சிரிப்பு) தொண்டைக்குள் பிறக்கிற எழுத்து உதட்டில் தெரியவே தெரியாது. போதாக்குறைக்கு என்னை மாதிரி வாத்தியாருக்கு மீசை. போர்டு பக்கம் திரும்பிவிட்டால் மீசையும் தெரியாது, முதுகுதான் தெரியும். முதுகைப் பார்த்து எந்தப் பிள்ளை பாடம் படிக்கும்?

இன்னொன்றும் சொல்கிறேன். நம்ம பிள்ளைகள் காதால் கேட்டுக்கொண்டே கையால் எழுதும். அவளுக்கோ கண்தான் காது. குனிந்து நோட்டில் எழுதினால் அந்த நேரத்துக்குக் காதை மூடிக்கொண்ட மாதிரி. நான் "இந்தப் படத்தைப் பாருங்க" என்று சொல்லிக்கொண்டே விளக்கம் கொடுத்தால், அவள் படத்தைப் பார்ப்பாளா, என் வாயைப் பார்ப்பாளா? ஒரு வாத்தியார் இரண்டு நிமிஷம் பேசாமல் நின்றால் போதும், அவள் பார்த்து முடித்துவிடுவாள். ஆனா வாத்தியாரைப் பேசாமல் இருக்கச் சொல்வது உலகத்திலேயே கஷ்டமான காரியம். (சிரிப்பு)

சரி, சைகை தெரிந்த ஒருத்தர் பக்கத்தில் இருந்தால்? அதற்கும் ஒரு கதை இருக்கு. பெற்றோர் கூட்டத்துக்கு அந்தப் பெண் தம்பியோடு வந்தாள். அவனுக்கு ஏழு வயசு. அக்காவோடு வீட்டில் கையாலேயே பேசிப் பழகினவன். நான் மூன்று நிமிஷம் திட்டினேன். "வீட்டுப்பாடம் சரியில்லை, கவனம் இல்லை, இப்படியே போனால் பத்தாவது தாண்ட மாட்டாள்." அந்தப் பொடியன் அக்கா பக்கம் திரும்பி, இரண்டு நொடியில் கையை ஆட்டினான். அக்கா முகமெல்லாம் சிரிப்பு! "டேய், என்னடா சொன்னே?" என்றேன். "சார் ரொம்ப நல்லவரு, நல்லாப் படிக்கச் சொல்றாருன்னு சொன்னேன் சார்" என்றான். (பலத்த சிரிப்பு)

சிரிச்சாச்சு. இப்ப யோசிங்க. அக்கா மனசு நோகக் கூடாது என்று நினைத்த அந்தப் பிள்ளையின் அன்பு பெரிசு. ஆனா அவளைப் பற்றி நடந்த பேச்சு அவளுக்குப் போய்ச் சேரவில்லையே! அதற்குத்தான் பயிற்சி பெற்ற சைகை மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்கிறோம். வாத்தியார் சொன்னதைக் கூட்டாமல் குறைக்காமல் கையில் சொல்வார். வாத்தியாரும் போர்டும் அவரும் ஒரே பார்வையில் தெரிகிற இடத்தில் நிற்பார். அது லேசான வேலை இல்லை. மூளையும் கையும் சேர்ந்து களைத்துப் போகிற வேலை. நீண்ட நிகழ்ச்சிகளில் இரண்டு பேர் வைத்துக்கொண்டு மாறி மாறிச் செய்வார்கள். முதல் நாளே பாடத்தை அவரிடம் கொடுத்துவிட வேண்டும். முக்கியமாக, வாத்தியார் பிள்ளையைப் பார்த்துப் பேச வேண்டும். "அவளிடம் சொல்லுங்க" என்று மொழிபெயர்ப்பாளரைப் பார்த்துப் பேசக் கூடாது.

எதிரணித் தலைவர் வள்ளுவரைத் துணைக்கு அழைத்தார். "கல்விக்கு ஓர் அதிகாரம் வைத்தவர், 'கேள்வி' என்று 42-ஆவது அதிகாரமும் வைத்தார்; காது இல்லாமல் கேள்வி ஏது?" என்றார். ஐயா, தமிழில் கேள்வி என்ற சொல்லுக்கு இரண்டு பொருள். கேட்டு அறிவதும் கேள்வி. எழுந்து நின்று, "ஏன் சார்?" என்று கேட்பதும் கேள்வி! என் வகுப்பில் அந்தப் பெண் ஒரு சந்தேகம் கேட்டதே இல்லை. சந்தேகம் இல்லாமலா? கேட்க வழி இல்லாமல்! நான் சொல்வது அவளுக்குப் போவது பாதி வழி. அவள் கேட்பது எனக்கு வருவதுதான் மீதி வழி. மொழிபெயர்ப்பாளர் இரண்டு பக்கமும் போகிற பாலம் ஐயா. (கைதட்டல்)

"பாஸ் ஆகிறாளே, அப்புறம் என்ன?" என்று ஒரு நண்பர் கேட்டார். இதே கேள்வியை அமெரிக்காவின் உச்ச நீதிமன்றமே கேட்டது. நியூயார்க் மாநிலத்தில் ஏமி ரௌலி என்று ஒரு சிறுமி. காது கேளாதவள். பொதுப் பள்ளியில் படித்தாள். பள்ளி அவளுக்குக் காது கருவி கொடுத்தது, தினமும் ஒரு மணி நேரம் தனி ஆசிரியர் கொடுத்தது. பெற்றோர் வகுப்புக்குச் சைகை மொழிபெயர்ப்பாளர் கேட்டார்கள். அதற்கு மட்டும் பள்ளி மறுத்தது. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போயிற்று. 1982-ல் தீர்ப்பு. 'பிள்ளை வகுப்புக்கு வகுப்பு தேர்ச்சி பெறுகிறாள்; மொழிபெயர்ப்பாளர் தேவையில்லை' என்று 6 நீதிபதிகள் ஒரு பக்கம். 3 பேர் எதிர்ப்பக்கம். வகுப்பில் பேசுவதில் பாதிகூட அவளுக்குப் புரியாதபோது, தேர்ச்சி பெற்றாலும் அது சம வாய்ப்பு ஆகாது என்று நீதிபதி ஒயிட் மாறுபட்டு எழுதினார்.

இதில் வேடிக்கை என்ன தெரியுமா? ஏமிக்காக வாதாடிய வக்கீல் மைக்கேல் சாட்டாஃப் அவருக்கும் காது கேட்காது. அந்த நீதிமன்றத்தில் வாதாடிய முதல் காது கேளாத வக்கீல் அவர்தான். நீதிபதிகள் கேட்கிற கேள்வி உடனுக்குடன் அவர் முன்னால் திரையில் எழுத்தாக வந்தது. அதைப் படித்துப் பதில் சொன்னார். வக்கீலுக்குத் திரை வைக்க அனுமதித்த நீதிமன்றம், அந்தச் சின்னப் பிள்ளைக்கு ஒரு மொழிபெயர்ப்பாளர் வேண்டாம் என்றது! வாதாட வந்தவருக்குப் புரிந்தால் போதும், படிக்க வந்தவளுக்குப் புரிய வேண்டாமா? (பலத்த கைதட்டல்)

அதே நீதிமன்றத்துக்கு மிச்சிகன் மாநிலத்திலிருந்து மிகேல் பெரஸ் என்ற காது கேளாத மாணவரின் வழக்கு வந்தது. 'எனக்கு வைத்த உதவியாளர்களுக்குத் தகுதியில்லை; மார்க்கை மட்டும் அள்ளிப் போட்டு வகுப்பு மாற்றினார்கள்; பள்ளி முடிகிற நேரத்தில், உனக்குப் பட்டயம் கிடையாது என்றார்கள்' என்பது அவர் புகார். பள்ளி நிர்வாகத்தின் மேல் நஷ்டஈடு கேட்டு அவர் வழக்குத் தொடரலாம் என்று 2023 மார்ச்சில் நீதிபதிகள் அத்தனை பேரும் ஒரே குரலில் சொன்னார்கள். மார்க் இருக்கிறது, படிப்பு இல்லை. இது எங்கேயோ கேட்ட கதை மாதிரி இல்லை? (சிரிப்பு)

கருவி, ஆபரேஷன் என்று எதிரணியினர் பேசினார்கள். நல்லது. நம் மாநிலத்தில் முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டத்தில் 6 வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்குக் காக்ளியர் கருவி வைக்க வழி செய்திருக்கிறார்கள். அதை நான் வாழ்த்துகிறேன். ஆனா அந்த வயதைத் தாண்டிவிட்ட பிள்ளை? கருவி வைத்த பிள்ளைக்கும் 60 பேர் இரைச்சலில், ஃபேன் சத்தத்தில், என் குரல் மட்டும் தனியாகப் போய்ச் சேருமா? கருவி காதுக்கு உதவும், வகுப்பைத் திருத்தாது.

"தனிப் பள்ளிகள் இருக்கிறதே" என்றார்கள். தலைவணங்குகிறேன். பாளையங்கோட்டையில் ஃபிளாரன்ஸ் ஸ்வெயின்சன் அம்மையார் 19-ஆம் நூற்றாண்டின் கடைசியில் தொடங்கிய பள்ளி இன்றும் நடக்கிறது. அங்கே பிள்ளைகள் கூடிப் பேசுகிற அழகைப் பார்க்க வேண்டும். ஆனா 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் என்ன சொல்கிறது? 6 முதல் 18 வயது வரை பக்கத்துப் பள்ளியா, சிறப்புப் பள்ளியா, விருப்பப்பட்டதில் இலவசமாகப் படிக்கலாம் என்கிறது. காது கேளாத பிள்ளைக்கு அதற்கு ஏற்ற மொழியில், ஏற்ற முறையில் கற்பிக்க வேண்டும் என்கிறது. சைகை மொழி தெரிந்த ஆசிரியர்களைப் பயிற்றுவித்து நியமிக்க வேண்டும் என்கிறது. பக்கத்துப் பள்ளியில் அந்த மொழியே இல்லை என்றால், விருப்பம் என்பது வெறும் காகிதம்தானே?

சைகை என்றால் ஏதோ கையை ஆட்டுவது என்று நினைக்காதீங்க. 1880-ல் இத்தாலியின் மிலான் நகரத்தில் கூடிய கல்வியாளர் மாநாடு, பள்ளிகளில் சைகை வேண்டாம், பேச்சுதான் வேண்டும் என்று தீர்மானம் போட்டது. உலகம் முழுக்கப் பிள்ளைகளின் கையைக் கட்டிவிட்டார்கள். 1960-ல் வில்லியம் ஸ்டோக்கி என்ற அறிஞர், சைகை மொழிக்கும் முறையான அமைப்பு உண்டு, அதுவும் முழுமையான மொழிதான் என்று எழுதிக் காட்டினார். கடைசியில் 2010-ல், கனடாவின் வான்கூவர் நகரத்தில் கூடிய அதே மாநாட்டு வரிசைக்காரர்கள், மிலான் தீர்மானத்துக்கு வருத்தம் தெரிவித்தார்கள். 130 வருஷம் ஐயா! நான் ஒரு லீவு அறிவிப்புக்கு இரண்டு நாளில் மன்னிப்புக் கேட்டேன். பரவாயில்லை போலிருக்கு. (சிரிப்பு)

நம் நாட்டிலும் வேலை தொடங்கியிருக்கிறது. 2015-ல் டில்லியில் இந்திய சைகை மொழி ஆராய்ச்சி மற்றும் பயிற்சி மையம் அமைத்தார்கள். 2018-ல் 3,000 சொற்களோடு வந்த அவர்கள் அகராதி, 2021-ல் 10,000 சொற்களாக வளர்ந்தது. பாடப்புத்தகங்களைச் சைகை மொழியில் கொண்டுவர 2020-ல் ஒப்பந்தம் போட்டார்கள். ஆனா 2011 கணக்கெடுப்பில், கேட்பதில் குறை உள்ளவர்கள் 50 லட்சத்துக்கும் மேல். அத்தனை பேருக்கும் போதுமான மொழிபெயர்ப்பாளர்கள் நம்மிடம் இல்லை.

அதற்குப் பதிலாக நாம் என்ன கொடுத்தோம்? விலக்குக் கொடுத்தோம். இரண்டாவது மொழி படிக்க வேண்டாம், விலக்கு. மூன்றாவது மொழியும் வேண்டாம், விலக்கு. அது தேவைதான், நான் குறை சொல்லவில்லை. ஆனா விலக்குக் கொடுத்த நாம், விளக்குக் கொடுத்தோமா? வகுப்புக்கு ஒரு விளக்கம் கொடுத்தோமா? (பலத்த கைதட்டல்)

அந்தச் சம்பவத்துக்குப் பிறகு என் போர்டில் வலது ஓரம் ஒரு முழ இடத்தைக் கோடு போட்டு ஒதுக்கினேன். எந்த அறிவிப்பும் அங்கே எழுதிய பிறகுதான் வாயால் சொல்வேன். அவளுக்காக எழுதினேன், கடைசி பெஞ்சில் தூங்குகிற பத்துப் பேர் பிழைத்தார்கள். (சிரிப்பு)

ஆனா உண்மையைச் சொல்லிவிடுகிறேன். சாக்பீஸ் லீவைச் சொல்லும், பாடத்தைச் சொல்லாது. மைனஸும் மைனஸும் பெருக்கினால் ப்ளஸ் வருகிறது. 'வரும்' என்று எழுதிப் போடலாம். 'ஏன் வரும்' என்று சொல்ல அவளுக்கும் எனக்கும் பொதுவாக ஒரு மொழி வேண்டும். அது என்னிடம் இல்லை. பள்ளியில் யாரிடமும் இல்லை. பத்தாவதில் இரண்டு பாடம் போயிற்று. ஒன்று கணக்கு. படிப்பு அத்தோடு நின்றது. இன்றைக்குத் தையல் கடை வைத்து நன்றாகவே இருக்கிறாள். அளவெடுக்கிற கணக்கு ஒன்றுகூட அவளுக்குத் தப்பாது. அறிவு இருந்தது ஐயா. எனக்குத்தான் அவளிடம் போகத் தெரியவில்லை. அந்த மார்க் ஷீட்டில் ஃபெயில் என்று போட்டிருப்பது அவள் பெயருக்கு நேராக. போட்டிருக்க வேண்டியது என் பெயருக்கு நேராக.

(மணி ஒலிக்கிறது)

நடுவர் மணி அடித்துவிட்டார். எனக்குக் கேட்டது, நிறுத்துகிறேன். பள்ளிக்கூட மணி அவளுக்கு ஒரு நாளும் கேட்டதில்லை. எல்லோரும் எழுந்து ஓடும்போதுதான் மணி அடித்தது தெரியும். மணியோடு ஒரு சிவப்பு விளக்கு எரிய வைத்தால் தெரிந்துவிடும். ஒரு சுவிட்ச்சு, ஒரு பல்பு. 1980-களின் கடைசியிலிருந்து தூர்தர்ஷனில் ஞாயிறு மத்தியானம் காது கேளாதோர் செய்தி வருமே, நினைவிருக்கா? நாமெல்லாம் அது எப்போ முடியும், படம் எப்போ போடுவான் என்று காத்திருந்தோம். எங்கேயோ ஒரு வீட்டில் ஒரு பிள்ளை, அந்தக் கொஞ்ச நேரத்துக்காக வாரம் முழுக்கக் காத்திருந்தது. அவர்கள் காத்திருந்தது போதும்.

தீர்ப்புச் சொல்வதற்கு முன்னால் அந்த மழை நாள் வராந்தாவை ஒரு நிமிஷம் நினைத்துப் பாருங்கள் நடுவர் அவர்களே. அங்கே உட்கார்ந்திருந்தது அவள். அவளை அங்கே உட்காரவைத்தது எங்கள் வகுப்பு. ஆகவே, தடை காதின் குறை அல்ல, வகுப்பின் குறையே, வகுப்பின் குறையே என்று கூறி முடிக்கிறேன்.

(நீண்ட கைதட்டல்)